அமெரிக்காவுல ஹாஸ்பிடல், நர்சிங் ஹோம், வேலை கான்ட்ராக்ட்: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இத படிச்சுருங்க

அமெரிக்காவுக்கு புதுசா வந்தவங்க கிட்ட யோசிக்க நேரமே குடுக்காம பேப்பர நீட்டற எடம் மூணு இருக்கு. ஹாஸ்பிடல்ல சேரும்போது, வயசான அப்பா அம்மாவ நர்சிங் ஹோம்ல விடும்போது, அப்பறம் புது வேலைல சேர்ற அன்னைக்கு. மூணுலயும் நாம பதட்டத்துல இருப்போம், இல்லனா சந்தோஷத்துல இருப்போம், எப்படியோ படிக்காம போட்டுருவோம். அந்த பேப்பர்ல இருக்கற எல்லாமே உங்கள கட்டுப்படுத்தாது, சிலதெல்லாம் சட்டப்படி கேக்கவே கூடாதது. ஆனா உங்க உரிமை ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெடு இருக்கும், சில சமயம் அது இன்னைக்கு ராத்திரி 12 மணியா கூட இருக்கும். நான் வக்கீல் இல்ல, பெரிய தொகை மாட்டிக்கிட்டு இருந்தா வக்கீல பாருங்க. ஆனா வக்கீல்கிட்ட போற அளவுக்கு விஷயம் முத்தாம இருக்க இது உதவும்.

ஹாஸ்பிடல்

முதல்ல எமர்ஜென்சி. விசிட்டர் விசால வந்த அம்மாவுக்கு நெஞ்சு வலி, இன்சூரன்ஸ் இருக்கா இல்லையான்னு கூட தெரியல, கூட்டிட்டு போலாமா வேண்டாமான்னு வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுட்டு இருப்பாங்க. கேக்காதீங்க, போங்க. 1986ல வந்த எம்டாலானு ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கு. மெடிகேர் (முக்கியமா 65 வயசு ஆனவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) பணம் வாங்கற எந்த ஹாஸ்பிடலா இருந்தாலும், அதாவது கிட்டத்தட்ட எல்லா ஹாஸ்பிடலும், எமர்ஜென்சி ரூமுக்கு வந்தவங்கள பரிசோதிச்சே ஆகணும், உயிருக்கு ஆபத்துன்னா நிலைமைய கட்டுக்குள்ள கொண்டு வந்தே ஆகணும். காசு, இன்சூரன்ஸ், விசா எதுவும் இதுக்கு தடை இல்ல. இன்சூரன்ஸ் கார்டு கேக்கலாம், ஆனா அதுக்காக பரிசோதனைய தள்ளிப்போட கூடாது. இது ஓசின்னு நெனச்சுராதீங்க, பில் வரும், நல்லாவே வரும். பெரும்பாலான அர்ஜென்ட் கேர் கிளினிக்குக்கு இந்த சட்டம் பொருந்தாது, அதனால நெஞ்சு வலிக்கு அங்க போய் நிக்காதீங்க.

உள்ள போனதும் தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்னு கேளுங்க. சக்கரம் வச்ச ஸ்டாண்ட்ல ஒரு ஸ்க்ரீன உருட்டிட்டு வருவாங்க, இல்லனா ஸ்பீக்கர் போன்ல போடுவாங்க. "தமிழ்"னு அழுத்தி சொல்லணும், இந்தியன்னு சொன்னா ஹிந்திக்காரர் லைன்ல வந்து நிப்பார். ஹாஸ்பிடல் இத இலவசமா குடுக்கணும்னு 2010 ஒபாமாகேர் சட்டத்துலயே இருக்கு. பத்து வயசு பேத்திய வச்சு பாட்டிக்கு மொழிபெயர்க்க சொல்றது அவசர ஆபத்து நேரம் தவிர கூடாது. நீங்களே நல்லா இங்கிலீஷ் பேசினாலும் கூட கேளுங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா நாம அம்மாகிட்ட சொல்லும்போது பாதிய மென்னு முழுங்கிருவோம், அம்மாவும் பிள்ளைகிட்ட எல்லா தொந்தரவையும் சொல்ல மாட்டாங்க.

அடுத்தது கையெழுத்து. இப்பல்லாம் பேப்பர் கூட கெடையாது, ஒரு சின்ன பேட்ல "இங்க போடுங்க"ன்னு கோடு மட்டும் தெரியும், எதுக்கு போடறோம்னு தெரியாது. முழுசா காட்டுங்க, இல்ல பிரிண்ட் எடுத்து குடுங்கன்னு கேளுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. அதுல முக்கியமா பாக்க வேண்டியது, நெட்வொர்க்குக்கு (உங்க இன்சூரன்ஸ் ஒப்பந்தம் போட்டு வச்சிருக்கற டாக்டர், ஹாஸ்பிடல் பட்டியல்) வெளிய இருக்கற டாக்டர் அதிகமா சார்ஜ் பண்ண நீங்க சம்மதம் குடுக்கற மாதிரி ஏதாவது இருக்கான்னு. ஜனவரி 1, 2022ல இருந்து நோ சர்ப்ரைசஸ் ஆக்ட் அமல்ல இருக்கு. எமர்ஜென்சில எந்த ஹாஸ்பிடலுக்கு போனாலும் உங்க பிளானோட இன்-நெட்வொர்க் பங்குக்கு மேல உங்ககிட்ட கேக்க முடியாது. நெட்வொர்க் ஹாஸ்பிடல்ல ஆபரேஷன் பண்ணிட்டு மயக்க மருந்து டாக்டர் மட்டும் வெளியாள்னு தனியா பில் அனுப்பற வேலையும் செல்லாது. ஆனா ரோட்டுல ஓடற ஆம்புலன்ஸ் இதுல சேராது! அதுக்கு ஸ்டேட் சட்டம் ஏதாவது இருந்தாதான் உண்டு.

பில் வந்ததும் பயந்து கிரெடிட் கார்ட எடுக்காதீங்க. முதல்ல ஐட்டம் ஐட்டமா பிரிச்ச பில் கேளுங்க, இன்சூரன்ஸ் அனுப்பற விளக்க கடிதத்தோட ஒப்பிட்டு பாருங்க. இன்சூரன்ஸ் இல்லாதவங்க முன்கூட்டியே தேதி வாங்கி போற சிகிச்சைன்னா எழுத்துல ஒரு எஸ்டிமேட் குடுக்கணும், பில் அதவிட 400 டாலரோ அதுக்கு மேலயோ ஏறினா 120 நாளுக்குள்ள ஆட்சேபிக்கலாம். லாப நோக்கம் இல்லாத ஹாஸ்பிடல் எல்லாம் நிதி உதவி பாலிசி ஒண்ணு எழுதி வச்சே ஆகணும், நீங்களா கேட்டாதான் பெரும்பாலும் எடுத்து குடுப்பாங்க. முதல் பில் தேதில இருந்து 240 நாள் வரைக்கும் அப்ளை பண்ணலாம்.

மெடிக்கல் ரெக்கார்டு உங்களுது, கேட்டா 30 நாளுக்குள்ள குடுக்கணும், அது ஹிப்பாங்கற மருத்துவ ரகசிய சட்டம். இத இதோட விட்டுட்டு இன்னொண்ணுக்கு வரேன், இதுதான் நம்ம ஆளுங்கள்ல முக்கால்வாசி பேருக்கு தெரியாதது.

கிரீன் கார்டு இருக்கற பெற்றோர், 65 வயசு ஆச்சு, தொடர்ந்து 5 வருஷம் இங்கயே இருந்தாச்சுன்னா, இங்க வேலையே பாக்காட்டியும் பிரீமியம் கட்டி மெடிகேர்ல சேரலாம். அப்படி மெடிகேர் இருக்கற அப்பா இடுப்பு எலும்பு முறிஞ்சு ஹாஸ்பிடல்ல படுத்திருக்கார்னு வைங்க. தினமும் காலைல நர்ஸ்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இவர் இன்பேஷன்ட்டா (முறையா அட்மிட் ஆனவரா), அப்சர்வேஷனா (சும்மா கவனிக்க வச்சிருக்கறவரா)? படுக்கை ஒண்ணு, மருந்து ஒண்ணு, சாப்பாடு ஒண்ணு, ஆனா கம்ப்யூட்டர்ல அப்சர்வேஷன்னு இருந்தா அந்த நாள் கணக்குல வராது. ஏன் முக்கியம்னா, அதுக்கப்பறம் நர்சிங் ஹோம்ல ரிஹேப் (உடம்பு தேற தெரபி) பண்ண மெடிகேர் பணம் குடுக்கணும்னா மூணு நாள் இன்பேஷன்ட்டா இருந்திருக்கணும். நாலு நாள் ஹாஸ்பிடல்ல இருந்துட்டு வெளிய வந்து பாத்தா அத்தனையும் அப்சர்வேஷன், நர்சிங் ஹோம் பில் மொத்தமும் கைக்காசு, இப்படி ஆனவங்க நெறைய பேர். அப்சர்வேஷன்ல 24 மணி நேரத்துக்கு மேல வச்சிருந்தா எழுத்துல தெரியப்படுத்தணும், அந்த பேப்பர் வந்த உடனே டாக்டர்கிட்ட இன்பேஷன்ட்டா மாத்த முடியுமான்னு பேசுங்க. மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் கம்பெனி வழியா வர்ற மெடிகேர்) பிளான்ல சிலது இந்த மூணு நாள் கண்டிஷன எடுத்துருச்சு, உங்க பிளானுக்கு போன் போட்டு கேட்டுக்கோங்க.

இன்பேஷன்ட்டா இருந்து, சரியாகறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு தோணுதா? ஹாஸ்பிடல் குடுத்த மெடிகேர் நோட்டீஸ்ல ஒரு நம்பர் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகற அன்னைக்கு ராத்திரி 12 மணிக்குள்ள அங்க போன் பண்ணா, முடிவு வர்ற வரைக்கும் தங்கற செலவ உங்க தலைல கட்ட முடியாது.

நர்சிங் ஹோம்

நம்ம ஊர்ல நர்சிங் ஹோம்னா பிரசவத்துக்கு போற சின்ன ஆஸ்பத்திரி, இங்க அது வயசானவங்களுக்கு நாள் முழுக்க நர்ஸ் பராமரிப்போட இருக்கற விடுதி. மெடிகேர், மெடிகெய்ட் (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) பணம் வாங்கற நர்சிங் ஹோம் எல்லாத்துக்கும் 1987ல வந்த சீர்திருத்த சட்டம் பொருந்தும். அசிஸ்டட் லிவிங்னு போர்டு போட்ட எடம் வேற, அதுக்கு ஸ்டேட் சட்டம்தான், கீழ சொல்றது அப்படியே பொருந்தாது.

எடம் பாக்கறது முதல் வேலை. மெடிகேர் வெப்சைட்ல கேர் கம்பேர்னு ஒரு பக்கம் இருக்கு, அஞ்சு ஸ்டார் ரேட்டிங் வரும். ஸ்டார மட்டும் நம்பாதீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நேர்ல போங்க, ஆள் கம்மியா இருக்கற நேரம் அதுதான், அழைப்பு மணி அடிச்சா எவ்வளவு நேரத்துல வராங்கன்னு பாருங்க, மூக்கும் வேலை செய்யட்டும். கடைசியா நடந்த அரசு ஆய்வு ரிப்போர்ட்ட எல்லாரும் பாக்கற மாதிரி வச்சிருக்கணும், ரிசப்ஷன்ல கேட்டு வாங்கி நின்னுகிட்டே படிங்க.

அடுத்தது அட்மிஷன் பேப்பர். அறுபது எழுபது பக்கம் இருக்கும், மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டி இங்க, இங்க, இங்கன்னு காட்டுவாங்க, அப்பா வீல்சேர்ல காத்துட்டு இருப்பார். இதுல ரெண்டு எடத்துல நிறுத்துங்க.

ஒண்ணு, "பொறுப்பாளர்"னு உங்க பேர் போட்டு நீங்க சொந்த காசுல கட்டறேன்னு ஒத்துக்கற வரி. ஃபெடரல் விதிப்படி, இன்னொருத்தர் கேரன்டி குடுத்தாதான் சேப்போம்னு சொல்லவே கூடாது. அப்பா பணத்த நீங்க நிர்வாகம் பண்றீங்கன்னா, அந்த பணத்துல இருந்து கட்டுவேன்னு கையெழுத்து கேக்கலாம், உங்க சம்பளத்துல இருந்து இல்ல. அதனால பேருக்கு பக்கத்துலயே "பவர் ஆஃப் அட்டர்னியாக, தந்தை சார்பில் மட்டும்"ங்கற அர்த்தத்துல இங்கிலீஷ்ல எழுதி போடுங்க. பவர் ஆஃப் அட்டர்னி பத்திரத்த அப்பா தெளிவா இருக்கும்போதே எழுதி வச்சுக்கணும், நெனவு தப்பினதுக்கு அப்பறம் கோர்ட்டுக்கு போய் கார்டியன்ஷிப் வாங்க அலையணும். பென்சில்வேனியால இருக்கறவங்க குறிப்பா கூடுதல் ஜாக்கிரதையா இருங்க, அங்க பிள்ளைங்க பெத்தவங்கள பராமரிக்கணும்னு பழைய சட்டம் ஒண்ணு இன்னும் உயிரோட இருக்கு. அம்மா பில்ல கட்டாம கிரீஸுக்கு போயிட்டாங்கன்னு சொல்லி, கிட்டத்தட்ட 93,000 டாலர மகன் கட்டணும்னு 2012ல அங்க அப்பீல் கோர்ட்டே தீர்ப்பு குடுத்துச்சு.

ரெண்டு, ஆர்பிட்ரேஷன். ஏதாவது தப்பு நடந்தா கோர்ட்டுக்கு போக மாட்டேன், தனியார் நடுவர் சொல்றத ஏத்துக்கறேன்னு எழுதி வாங்கறது. 2019ல வந்த விதிப்படி இதுல கையெழுத்து போட்டாதான் இடம்னு சொல்லக்கூடாது. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா 30 நாளுக்குள்ள எழுதி குடுத்து ரத்து பண்ணலாம். என் அபிப்ராயம், போடவே போடாதீங்க. உங்களுக்கு அதுல ஒரு லாபமும் இல்ல.

சேந்த 48 மணி நேரத்துக்குள்ள ஒரு ஆரம்ப கேர் பிளான் போடணும், 14 நாளுக்குள்ள முழு மதிப்பீடு, அது முடிஞ்சு 7 நாள்ல முழு பிளான். அந்த மீட்டிங்குக்கு அப்பாவும் நீங்களும் போகலாம், போகணும். போன்லயாவது சேந்துக்கோங்க. சைவ சாப்பாடு, குளிக்கற நேரம், எந்த மொழில பேசினா புரியும், எல்லாத்தையும் அங்க சொல்லி எழுத வைங்க. மெனு போடும்போது இருக்கறவங்களோட மதம், கலாச்சாரத்த கணக்குல எடுத்துக்கணும்னு விதியே இருக்கு. தினம் ரசம் சாதம் வந்துரும்னு எதிர்பாக்காதீங்க, ஆனா சைவம்னு பிளான்ல எழுதியிருந்தா சிக்கன் சூப் தட்டுல வரும்போது சண்டை போடாம அந்த பக்கத்த காட்டலாம். குடும்பத்துக்காரங்க எந்த நேரமும் வந்து பாக்கலாம், அப்பாவே வேண்டாம்னு சொன்னாதான் தடை.

இப்ப மருந்து. இதுல கொஞ்சம் நிதானமா படிங்க. ஸ்டாஃப் வசதிக்காகவோ தண்டனையாவோ கட்டி போடக்கூடாது, மருந்து குடுத்து மயக்கி வைக்கவும் கூடாது. இன்டியானால கோர்கி டலெவ்ஸ்கினு ஒருத்தர், டிமென்ஷியா, அரசு நர்சிங் ஹோம்ல சேத்தாங்க. சேரும்போது பேசுவார், நடப்பார், தானே சாப்பிடுவார், வீட்டாளுங்கள அடையாளம் தெரியும். கொஞ்ச மாசத்துல தானே சாப்பிட முடியல, இங்கிலீஷ் போயிடுச்சு, தாய்மொழி மாசிடோனியன் மட்டும்தான் மிஞ்சிச்சு. நோய் முத்திருச்சுன்னு சொன்னாங்க. குடும்பம் மருந்து லிஸ்ட கேட்டு வாங்கி பாத்தா மனச மாத்தற மாதிரியான பவர்ஃபுல் மருந்து ஆறு ஓடிட்டு இருக்கு. வெளி டாக்டர வச்சு குறைச்சதும் மறுபடி தானே சாப்பிட ஆரம்பிச்சார். அந்த கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2023 ஜூன்ல 7க்கு 2ன்னு தீர்ப்பு: அரசு நடத்தற நர்சிங் ஹோம்ல இந்த 1987 சட்ட உரிமைய மீறினா குடும்பம் ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போடலாம். அவர் அதுக்கு முன்னாடியே இறந்துட்டார்.

ஆக செய்ய வேண்டியது, மாசம் ஒரு தடவ மருந்து லிஸ்ட எழுத்துல வாங்குங்க. ரெக்கார்டு பாக்கணும்னு கேட்டா வேலை நாள் கணக்குல 24 மணி நேரத்துல காட்டணும், காப்பி ரெண்டு வேலை நாள்ல. புதுசா ஒரு மருந்து பேர் இருந்தா எதுக்கு, யார் சம்மதம் குடுத்தான்னு கேளுங்க. அப்பா திடீர்னு தமிழ் மட்டும் பேசறார்னா வயசாயிடுச்சுன்னு விட்டுராதீங்க.

வெளிய அனுப்பறதுக்கு சட்டத்துல ஆறே ஆறு காரணம்தான்: அங்க பராமரிக்க முடியாத நிலைமை, உடம்பு தேறி இனி தேவை இல்ல, மத்தவங்க பாதுகாப்புக்கு ஆபத்து, மத்தவங்க ஆரோக்கியத்துக்கு ஆபத்து, பில் கட்டல, நர்சிங் ஹோமையே மூடறாங்க. பொதுவா 30 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், அப்பீல் பண்ணா முடிவு வர்ற வரைக்கும் பொதுவா அனுப்ப முடியாது. "மெடிகேர் நாள் முடிஞ்சுது, வெள்ளிக்கிழமை கூட்டிட்டு போங்க"ன்னு வாயால சொல்லுவாங்க, அது அந்த ஆறுல இல்ல. மெடிகேர் முதல் 20 நாள் முழுசா, 21ல இருந்து 100 வரைக்கும் தினசரி பங்கு போக மீதி குடுக்கும், அதுக்கப்பறம் கைக்காசு இல்ல மெடிகெய்ட், ஆனா பணம் யார் குடுக்கறாங்கங்கறது மாறுனா படுக்கைய காலி பண்ணணும்னு அர்த்தம் இல்ல. 100 நாளுக்கு முன்னாடியே "இவருக்கு முன்னேற்றம் இல்ல"ன்னு மெடிகேர நிறுத்தினா, முன்னேற்றம் கட்டாயம் இல்ல, இருக்கற நிலைமைய தக்க வைக்கவும் தெரபி குடுக்கலாம்னு 2013ல ஜிம்மோ கேஸ் செட்டில்மென்ட் சொல்லுது, அந்த பேர எடுத்து விடுங்க. நிறுத்தற நோட்டீஸ் ரெண்டு நாள் முன்னாடி வரும், முடியற நாளுக்கு முந்தின நாள் மதியம் 12க்குள்ள அப்பீல் போன் போடணும்.

இதெல்லாம் தனியா பண்ண முடியலன்னா ஒவ்வொரு ஸ்டேட்லயும் நர்சிங் ஹோம் ஆம்புட்ஸ்மன் (அங்க இருக்கறவங்களுக்காக புகார கேட்டு பேசறவங்க) இருக்காங்க, காசு கெடையாது. எல்டர்கேர் லொகேட்டர் நம்பர் 1-800-677-1116, ஊர சொன்னா யார பாக்கணும்னு சொல்லுவாங்க. புகார் குடுத்தா அப்பாவ சரியா கவனிக்க மாட்டாங்களோன்னு பயம் எல்லாருக்கும் இருக்கு, ஆனா பழிவாங்க சட்டப்படி கூடாது. ஒரு நோட்டுல தேதி, நேரம், யார் என்ன சொன்னாங்கன்னு எழுதிட்டே வாங்க. அத பாத்தாலே பாதி பேர் மரியாதையா பேசுவாங்க.

வேலை, நான்-கம்பீட்

வேலைய விட்டா இத்தன மாசத்துக்கு போட்டி கம்பெனில சேர மாட்டேன்னு எழுதி வாங்கறது நான்-கம்பீட். 2024ல பைடன் அரசு தடை பண்ணிருச்சே, செல்லாதுன்னு ஒரு பேச்சு நம்ம ஆளுங்க மத்தியில இன்னும் சுத்துது. எஃப்டிசி (வியாபார போட்டிய கவனிக்கற ஃபெடரல் அமைப்பு) விதி போட்டது நிஜம், செப்டம்பர் 4ல அமலுக்கு வர இருந்துச்சு, ஆனா ஆகஸ்ட் 20லயே டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட் அத ரத்து பண்ணிருச்சு, 2025 செப்டம்பர்ல எஃப்டிசி அப்பீலையும் கைவிட்டுருச்சு. அதனால ஸ்டேட் சட்டம்தான் பேசும்.

கலிபோர்னியால 1872ல இருந்தே செல்லாது, 2024ல இருந்து எந்த ஸ்டேட்ல கையெழுத்து போட்டிருந்தாலும் அங்க செல்லாது. வடக்கு டகோட்டா, ஓக்லஹோமாலயும் பெரும்பாலும் அதே கதை. மினசோட்டால ஜூலை 1, 2023ல இருந்து போட்டது செல்லாது. இல்லினாய்ஸ்ல வருஷ சம்பளம் 75,000 டாலருக்கு கீழன்னா கெடையாது, மேல இருந்தா கூட படிக்க 14 நாள் குடுக்கணும். மாசசூசெட்ஸ்ல பொதுவா 12 மாசத்துக்கு மேல போட முடியாது, முக்கியமா உங்கள லேஆஃப் பண்ணியிருந்தா அமல்படுத்தவே முடியாது. ஃப்ளோரிடா நேர் எதிர், பெரிய சம்பளக்காரங்கள 4 வருஷம் வரைக்கும் கட்டி வைக்க 2025ல சட்டம் போட்டாங்க. டெக்சாஸ்ல டாக்டர், நர்ஸுங்களுக்கு செப்டம்பர் 1, 2025ல இருந்து போடறதுக்கு ஒரு வருஷம், அஞ்சு மைல்னு வரம்பு வச்சுட்டாங்க.

செய்ய வேண்டியது இதான். ஆஃபர் லெட்டர் வந்ததும், பழைய வேலைய ராஜினாமா பண்றதுக்கு முன்னாடி, சேர்ற அன்னைக்கு கையெழுத்து போட வேண்டிய எல்லா பேப்பரையும் இப்பவே அனுப்புங்கன்னு மெயில்ல கேளுங்க. முதல் நாள் காலைல லேப்டாப்போட சேத்து குடுத்தா அப்ப எங்க போய் பேரம் பேசுவீங்க. நான்-கம்பீட்ங்கற வார்த்தை இல்லாமயே அதே வேலைய செய்யற வரி இருக்கும்: கிளையன்ட்ட தொடர்பு கொள்ளக்கூடாது, கிளையன்ட்கிட்ட நேரா வேலைக்கு சேரக்கூடாதுன்னு. கன்சல்டிங் கம்பெனி வழியா வர்றவங்கள மாட்டறது இதுதான். "எல்லா கிளையன்ட்"னு இருந்தா "நான் வேலை பார்த்த கிளையன்ட் மட்டும்"னு மாத்த கேளுங்க, 24 மாசம்னா 6 மாசம் ஆக்க கேளுங்க. கேட்டா ஆஃபர் போயிடும்னு பயப்படுவாங்க, ஆனா அவங்க கூட நீங்க கேப்பீங்கன்னு எதிர்பாத்துதான் 24 போட்டிருப்பாங்க.

லேஆஃப் ஆகும்போது குடுக்கற செவரன்ஸ் (வேலைய விட்டு அனுப்பும்போது தர்ற பணம்) பேப்பர்லயும் புதுசா கட்டுப்பாடு சேப்பாங்க. 40 வயசு ஆனவங்ககிட்ட வயசு பாகுபாடு கேஸ் போட மாட்டேன்னு எழுதி வாங்கணும்னா 21 நாள் யோசிக்க குடுக்கணும், கும்பலா எடுத்தா 45 நாள், போட்டதுக்கு அப்பறமும் 7 நாள்ல வாபஸ் வாங்கலாம். எச்-1பி வேலை விசால இருக்கறவங்க, வேலை போனதும் இங்க தங்க கெடைக்கற 60 நாள் கிரேஸ் பீரியட் ஓடற பதட்டத்துல உடனே போட்டுருவாங்க, ரெண்டும் தனித்தனி கடிகாரம்னு ஞாபகம் வைங்க.

எச்-1பிகாரங்களுக்கு கடைசியா ஒண்ணு. ஒரு வருஷம் முடியறதுக்கு முன்னாடி வேலைய விட்டா 15,000 டாலர் குடு, பெட்டிஷன் (எச்-1பி விண்ணப்பம்) செலவு குடு, வக்கீல் ஃபீஸ் குடுன்னு பாண்ட் காட்டி மிரட்டற கம்பெனி இருக்கு. சீக்கிரம் போனதுக்கு அபராதம் வாங்கக்கூடாதுன்னு ஃபெடரல் விதி இருக்கு, கம்பெனிக்கு நிஜமா ஆன நஷ்டத்த ஒட்டி முன்கூட்டியே ஒத்துக்கிட்ட நியாயமான தொகைன்னா மட்டும் ஸ்டேட் சட்டத்த பொறுத்து கேக்கலாம். பெட்டிஷன் ஃபீஸும் அதுக்கான வக்கீல் செலவும் கம்பெனியோட செலவு, உங்க தலைல கட்ட முடியாது. கடைசி சம்பளத்துல பிடிச்சாங்கன்னா பே ஸ்டப், பாண்ட் காப்பி, மிரட்டின மெயில் எல்லாத்தையும் கம்பெனி லேப்டாப்ப திருப்பி குடுக்கறதுக்கு முன்னாடி பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டு, லேபர் டிபார்ட்மென்ட்டோட வேஜ் அண்ட் ஹவர் பிரிவுக்கு 1-866-487-9243ல கூப்பிடுங்க. டபிள்யூஎச்-4னு ஒரு புகார் ஃபார்ம் இருக்கு, சம்பவம் நடந்து 12 மாசத்துக்குள்ள குடுக்கணும், காசு எதுவும் கெடையாது.